சின்ன முதலாளிக்குப் போன பொம்மைகள்

மார்ச் 9

அன்புள்ள அம்மாடிக்கு,

நான் சுகம். ஒடிந்த கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, மற்றபடி ஓட்டம்தான். நீயும் உன் மடியில் கிடக்கிற சின்ன முதலாளியும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? உன் புருஷனை விசாரிக்க மாட்டேன். என் கூடப் பிறந்த தம்பிதான். ஆனாலும் விசாரிக்க மாட்டேன்.

போனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உனக்கே தெரியும். நீங்கள் குடியிருப்பது கடைக்கு மேலே. நீ தும்மினால் கீழே கல்லாவில் இருப்பவனுக்குக் கேட்கும். அதனால்தான் உன் தெருமுனைத் தையல்காரி முகவரிக்கு இந்தப் பார்சல். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வாயைத் திறக்க மாட்டாள்.

உள்ளே ஒரு துணிப் புத்தகம் இருக்கும். வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டமும் வட்டமும்தான். என்னடா இது என்று நினைக்காதே. இரண்டு மாதக் குழந்தைக்குக் கலர் எல்லாம் மங்கல். கறுப்பும் வெள்ளையும்தான் கண்ணில் நிற்கும். முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடி. கண் எங்கே போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

இனி மாதா மாதம் அந்தந்த வயதுக்கு ஏற்றதை அனுப்புவேன். ஒரே ஒரு நிபந்தனை. உன் புருஷன் கடைச் சரக்கு ஒன்றுகூட அந்தக் குழந்தை கைக்குப் போகக் கூடாது. மேளம் கொட்டும் கரடி, கத்தும் கார், பாட்டுப் பாடும் போன், எதுவும். பொம்மை ஆடினால் குழந்தை வேடிக்கை பார்க்கும். பொம்மை சும்மா கிடந்தால்தான் குழந்தை ஆடும். இது தொழில் தெரிந்தவள் சொல்வது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒளிக்க மாட்டேன். நான் கால் ஒடிந்து படுத்திருந்த ஆறு வாரத்தில், நான் உண்டாக்கிய கடையின் வாடகைப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன் அவன். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தது நீ ஒருத்திதான். அவன் விற்கிற பொம்மையை அவன் பிள்ளையே தொடக் கூடாது. அது எனக்கு வேண்டும்.

குழந்தையின் உள்ளங்கால்களுக்கு என் முத்தங்கள்.
அத்தை

---

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். தையல் ஆறிவிட்டது. இடுப்புதான் இன்னும் என்னுடையது மாதிரி இல்லை. உங்கள் காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் இருக்கிறதா?

புத்தகத்தைப் பிடித்ததும் அப்படியே உறைந்து போய்ப் பார்த்தான், அண்ணி! மெதுவாக நகர்த்தினால் கண்ணும் கூடவே வருகிறது. கட்டத்தைவிட வட்டம்தான் பிடிக்கிறது. எங்கே வாங்கினாய் என்று அவர் கேட்டார். சிநேகிதி தந்தாள் என்றேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தையல்"னு சொன்னார். வியாபாரி கண் இல்லையா.

குழந்தை தங்கம். கீழே ஷட்டர் இறங்கும் சத்தத்தில் எனக்கே தூக்கிப் போடும், அவன் அசைய மாட்டான். "எங்க கடைக்குன்னே பொறந்தவன்"னு அவருக்குப் பெருமை. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்குகிறான். நான் குளித்து, தலை காயவைத்து, உங்களுக்கு எழுதவும் முடிகிறது.

நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். அவர் காலையில் இறங்கினால் மூன்று மணிக்குத்தான் மேலே வருவார். "இன்னிக்கு அவன் என்ன பண்ணினான்"னு என்னைக் கேட்கிற ஆள் இப்போதைக்கு நீங்கள் மட்டும்தான்.

வணக்கங்களுடன்,
அம்மாடி

---

மே 4

அன்புள்ள அம்மாடிக்கு,

நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து துணி அலசாதே.

நாலு மாதம் ஆகிவிட்டது, இனி கைக்கு வேலை. ஒரு துணிப் பந்தும், ஒரு மர வளையமும் அனுப்பியிருக்கிறேன். பந்தில் பள்ளம் பள்ளமாகத் தைத்திருக்கும், பிஞ்சு விரல் நுழைந்து பிடிக்க. வளையத்தை ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார், சாயம் ஒட்டாது. அவன் கடைச் சரக்கில் இதே சோதனை செய்தால் துணி சிவந்துவிடும். எப்படியும் எல்லாம் வாய்க்குத்தான் போகும், போகட்டும். வாய்தான் அவர்களுக்கு மூன்றாவது கை.

பந்துக்குள் ஒரு சின்ன மணி வைத்துத்தான் வரும். பிரித்து எடுத்துவிட்டு நானே மறுபடி தைத்தேன். சத்தம் போடுவதற்கு அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்கிறான்.

குழந்தையைக் குப்புறப் போட்டு, வளையத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வை. எட்டிப் பிடிக்கத் திணறினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதே. கொஞ்சம் கோபப்படட்டும். கோபம் வந்தால்தான் நகருவான். என் பிழைப்பே அப்படித்தான் நகர்ந்தது.

இங்கே கிடங்கு பிடித்துவிட்டேன். உன் புருஷன் சரக்குப் போடுகிற அதே சில்லறைக் கடைகளுக்குத்தான் நானும் இனி போடப் போகிறேன். அவனிடம் சொல்லாதே. தானாகத் தெரிய வேண்டும்.

சின்ன முதலாளியின் கன்னத்தைக் கடித்ததாகச் சொல்.
அத்தை

---

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வளையத்தைப் பிடித்துவிட்டான்! முதலில் இடது கை, பிறகு இரண்டு கையும், பிறகு நீங்கள் சொன்ன மூன்றாவது கை. பந்தை இறுக்கிக்கொண்டுதான் தூக்கம். நான் அறைக்குள் வந்தால் தரை அதிர்வதிலேயே தெரிந்துகொள்வான் போல, சிரிப்பான்.

போன ஞாயிறு ஒரு கூத்து. அவர் கீழே இருந்து மேளக் கரடியைக் கொண்டுவந்துவிட்டார். நான் எவ்வளவோ தடுத்தேன். "ஏய், என் பிள்ளைக்கு என் கடை பொம்மை கூடாதா?"ன்னு சாவியை முறுக்கி, அவன் முதுகுக்குப் பின்னால் விட்டார். கரடி டமடமவென்று அடிக்கிறது. இவன் என்னைப் பார்த்துப் பந்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். திரும்பவே இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று தடவை முறுக்கினார். மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

"ஏன் திரும்ப மாட்டேங்கிறான்?"னு கேட்டார்.

அண்ணி, திரும்ப வேண்டுமா?

கீழ் ஈறில் வெள்ளையாகத் தெரிகிறது, பல்லா என்று தெரியவில்லை. காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அம்மாடி

---

ஜூன் 8

என் தங்க அம்மாடிக்கு,

நான் பரம சுகம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கால் வலிகூட இல்லை.

ஐந்து மாதப் பிள்ளை, கூடப் பிறந்தவனிடம் எனக்குக் கிடைக்காத நியாயத்தை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான்! நல்ல பொருளைத் தொட்ட கை கண்டதற்கெல்லாம் திரும்பாது. கவனம் ஒன்றில் நிலைத்திருக்கிறது என்று அர்த்தம். அதுதான் வேண்டும். திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. உன் புருஷன் கேட்டது குழந்தைக்காகக் கேட்ட கேள்வி இல்லை, கரடிக்காகக் கேட்டது. காதில் போட்டுக்கொள்ளாதே.

அந்தக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஒன்பது கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். "மேளக் கரடி எடுக்கறீங்களா? எடுங்க. வித்தவன் பிள்ளையே திரும்பிப் பாக்கலையாம். மூணு தடவை முறுக்கினானாம்!" ஒருத்தர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். எல்லாரும் என் துணிப் பந்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு அங்குலம் நகர்ந்தது.

அடுத்து மூடி விளையாடும் பருவம். வளையத்தை அவன் கண் முன்னாலேயே துணிக்குள் ஒளித்துவை. முதலில் மறந்துவிடுவான். ஒரு நாள் துணியை இழுப்பான். காணாமல் போனது இல்லாமல் போகவில்லை என்று புரிகிற நாள் அது. எழுது.

பல்தான் அது. ஈரத் துணியைக் கடிக்கக் கொடு.
வெற்றி பெற்ற அத்தை

---

ஜூலை 15

அண்ணிக்கு,

நலம். பல் வந்துவிட்டது, இரண்டு.

நீங்கள் என்னைத் திட்டப் போகிறீர்கள். அவர் ஒரு வாரமாக டாக்டரிடம் போவோம், டாக்டரிடம் போவோம் என்று ஒரே பிடிவாதம். கதவுக்குப் பின்னால் நின்று கை தட்டுகிறார், தட்டை உருட்டுகிறார். முன்பு ங்கா, ஆ என்று பேசிக்கொண்டிருந்தவன் இப்போது பேசுவதே குறைந்துவிட்டது என்கிறார். குறைந்துதான் இருக்கிறது. அமைதியான பிள்ளை என்று நான் நினைத்தேன். சண்டை முற்றியது. "உங்க கரடிக்கு அவன் திரும்பலைங்கறதுக்காக ஆஸ்பத்திரிக்கா? பொம்மை பத்தி உங்களைவிடத் தெரிஞ்சவங்க சொல்லியிருக்காங்க!" என்று கத்தி, உங்கள் ஜூன் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை படித்தார். ஒன்பது கடை என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. "சரி, அவ சொன்னா சரிதான்"னு கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. கரடியையும் கொண்டுவரவில்லை.

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். எனக்கு இல்லை.

துணியை இழுத்து வளையத்தை எடுத்தான், போன வெள்ளிக்கிழமை. நீங்கள் கேட்டிருந்தீர்களே என்று எழுதுகிறேன்.

அம்மாடி

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மாடிக்கு,

நலம். நீயும் குழந்தையும் நலமா?

கடிதத்தைக் காட்டியது தப்புத்தான். ஆனால் என்றைக்காவது தெரிய வேண்டியதுதானே, தெரிந்துவிட்டது. கத்தாமல் போனான் என்றால் உறைத்திருக்கிறது என்று அர்த்தம். பத்திரம் கைமாறியது தெரிந்த அன்று நானும் கத்தவில்லை. கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது அவனுக்குத் தெரியட்டும் அது எப்படி இருக்கும் என்று.

ஒன்பதில் ஐந்து கடைக்காரர்கள் அவனிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மற்ற நாலு பேரும் யோசிக்கிறார்கள்.

அமைதியான குழந்தைக்கு எதற்கு டாக்டர்? கத்துகிற குழந்தையைத்தான் கொண்டு போவார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற ஏழு கிண்ணம் அனுப்புகிறேன். அடுக்க இப்போது வராது, தட்டிவிடுவதுதான் ஆட்டம். நீ அடுக்கு, அவன் கவிழ்க்கட்டும். ஒரு விஷயம், தரையில் துணி விரித்துக்கொள். கடகடவென்று விழுந்தால் பயந்துபோவான்.

உடனே பதில் போடு. இவ்வளவு நாள் இழுக்காதே.
அத்தை

---

செப்டம்பர் 20

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அவளால் எழுத முடியவில்லை. விசாரிப்பு எதுவும் இல்லை.

உன் கிண்ணங்களை ஒரு நாள் துணி விரிக்காமல் அடுக்கிவிட்டாள், மறந்துபோய். அவன் முதுகுக்குப் பின்னால் ஏழும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. கீழே கடையில் இருந்த வாடிக்கையாளர் "என்ன ஆச்சு?"ன்னு எழுந்துவிட்டார். நான் ஓடினேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவனுக்குச் சட்டை மாட்டினாள்.

மூன்று இடத்தில் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் கிட்டத்தட்ட இல்லை. லாரி ஹாரன் பக்கத்தில் அடித்தால் கொஞ்சம் தெரியலாமாம். பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். அதற்கு நீ காரணம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். "முதல்ல எப்ப சந்தேகம் வந்தது?"ன்னு டாக்டர் கேட்டார். மே என்றேன். "மே மாசமா? அப்பவே காதுக் கருவி மாட்டியிருக்கலாமே, பேச்சு உருவாகற மாசங்கள்ல நாலு போயிடுச்சே" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? என் அக்கா பொம்மை நிபுணர், திரும்ப வேண்டாம் என்று எழுதினாள் என்றா?

ஜூலையில் நான் வாயை மூடிக்கொண்டது என் தப்பு. என் மானம் போகிறது என்று பேசாமல் இருந்தேன். அதை நான் சுமந்துகொள்கிறேன். பத்திரத்தை மாற்றியதும் என் தப்புத்தான். அதற்கு நீ வந்து கடை வாசலில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஊரே பார்த்திருக்கும், நானும் வாங்கியிருப்பேன்.

தம்பி

---

செப்டம்பர் 29

அம்மாடிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். ஷட்டர் சத்தத்தில் அசையவில்லை என்று மார்ச்சிலேயே எழுதியிருக்கிறாய். தரை அதிர்வதில் தெரிந்துகொள்வான் என்று மே மாதம். திரும்ப வேண்டுமா என்று ஒரு தனி வரி. பதினெட்டு வருடம் பொம்மை விற்றவளுக்கு, ஐந்து மாதத்தில் குழந்தை சத்தத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தெரியாதா? தெரியும். பந்துக்குள் மணி வைப்பதே அதற்குத்தான். கரடி தோற்றது என்பதிலேயே என் கண் நின்றுவிட்டது.

கருவிக்கு, பயிற்சிக்கு, எங்கே போக வேண்டுமோ சொல். பெரிய டாக்டர் ஒருத்தர் எனக்குத் தெரிந்தவர் மூலம் கிடைப்பார். இதனுடன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கிலுகிலுப்பை, சின்ன மத்தளம், தாளத் தட்டு, எல்லாம் தனித்தனிச் சத்தம். கருவி மாட்டியதும் ஒன்றொன்றாகப் பழக்கலாம்.

திட்டியாவது எழுது.
அத்தை

---

அக்டோபர் 17

அண்ணிக்கு,

குழந்தை நலம். போன வாரம் கருவி மாட்டினார்கள். பிடுங்கிப் பிடுங்கி வாயில் போடுகிறான். நானும் அவரும் மாறி மாறி மாட்டுகிறோம்.

உங்கள் பெட்டியைத் தையல்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டரும் வேண்டாம்.

தப்பு எனக்கும் உண்டு. பெற்றவள் நான். என் கண்ணை விட்டுவிட்டு உங்கள் கையெழுத்தை நம்பினேன். ஏன் தெரியுமா? குழந்தையைப் பற்றி ஆசையாகக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் எழுதியதை நீங்கள் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய் விற்றீர்கள். நான் எழுதியது என் பிள்ளையைப் பற்றி, அண்ணி. உங்கள் சரக்கைப் பற்றி இல்லை.

போன வாரம் ஒரு கடைக்காரர் இங்கே வந்தார். குழந்தையின் காதில் இருந்த கருவியைப் பார்க்காமலே, "என்னப்பா, அப்பன் கரடியைத் திரும்பிப் பாக்காத ஆளு நீதானா?"ன்னு கன்னத்தைத் தட்டினார். சிரித்தார். உங்கள் சிரிப்பு அது.

ஒன்பது பேரிடம் சொன்னீர்கள். அதே ஒன்பது பேரிடம் நேரில் போங்கள். போன் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. அவன் ஏன் திரும்பவில்லை என்று சொல்லுங்கள். தெரிந்தும் நீங்கள் ஏன் யோசிக்கவில்லை என்றும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

அம்மாடி

---

நவம்பர் 12

அம்மாடிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

போனேன். ஒன்பது கடைக்கும் நேரில். மூன்று நாள் ஆனது, கால் வீங்கிவிட்டது, அதற்கு இரக்கம் கேட்கவில்லை. "அந்தக் குழந்தைக்குக் காது கேக்காது. அதான் திரும்பல. திரும்பலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். தம்பியை விழுத்தாட்டணும்னு வெறி, அதனால யோசிக்கல." இதே வார்த்தை, ஒன்பது தடவை. முதல் கடையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கடையில் சரளமாக வந்துவிட்டது. சரளமாக வந்ததுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கண்ணாடியைக் கீழே போட்டுச் சிரித்தவர் தலையைத் தூக்கவே இல்லை. "நாங்க சிரிச்சோமேம்மா, அதை எங்க கொண்டுபோய் வெக்கறது?"ன்னார். ஒரு கடைக்கார அம்மா, உட்காரச் சொல்லிப் போட்ட ஸ்டூலைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டாள். நின்றுகொண்டே மிச்சத்தைச் சொன்னேன். ஒருத்தன் மட்டும் எல்லாம் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும், துணிப் பந்து அடுத்த லோடு எப்ப?" என்றான். அவனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் என்னை மாதிரியே பேசினான்.

என்னிடமிருந்து பொய் வராது, அதனால் இதையும் எழுதுகிறேன். கடை விஷயத்தில் அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. அது எனக்கும் அவனுக்கும். குழந்தை அதில் இல்லை, இருந்திருக்கவும் கூடாது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கருவி மாட்டி ஒரு மாதம் ஆகிறது. எதற்காவது திரும்பினானா? ஒரு வரி போதும்.

அத்தை

---

டிசம்பர் 5

அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நலம். ஒன்பது கடைக்கும் நீங்கள் போனது உண்மை என்று தெரிந்துகொண்டேன். இங்கே வந்த கடைக்காரர்களே சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தப் பதில்.

கேட்டதற்கு வருகிறேன். நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். பாயில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு சத்தம். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினான். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

என்ன சத்தம், யார் போட்டது, எந்தப் பக்கம் திரும்பினான், திரும்பி என்ன செய்தான் என்றெல்லாம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தூக்கம் வராது. பொம்மையா, குரலா என்று போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். இத்தனை மாதமாக, அவன் விரலை மடக்கியதைக்கூட உங்களுக்கு எழுதியவள் நான்.

இதை எழுத மாட்டேன். என்றைக்காவது நேரில் பார்த்தாலும் சொல்ல மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவன் அம்மா